காசு கொடுத்து வாங்கிய பாட்டு ஏன் பாடவில்லை?

கேள்வி: 2005-இல் நாங்கள் அமெரிக்காவில் இருந்தோம். அங்கே ஓர் இணையக் கடையில் பாட்டு ஒன்று 99 சென்ட் என்று கொஞ்சம் கொஞ்சமாக இருநூறு பாட்டுக்கு மேல் வாங்கினோம். ஊருக்குத் திரும்பும்போது எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிக் கொண்டுவந்தோம். போன மாதம் புது லேப்டாப்பில் போட்டுப் பார்த்தால் ஒன்றுகூடப் பாடவில்லை. உரிமம் தேவை என்று ஒரு பெட்டி வருகிறது. அதில் உள்ள பொத்தானை அழுத்தினால் எந்தப் பக்கமும் திறப்பதில்லை. பென் டிரைவில் போட்டுக் காரில் வைத்தால், பாட்டின் பெயர் ஒரு நொடி தெரிந்துவிட்டு அடுத்ததற்குத் தாவுகிறது. கோப்புகள் கெட்டுப்போய்விட்டனவா?
— ஒரு வாசகி, திருச்சி

பதில்: கெடவில்லை அம்மா. பாட்டு முழுசாக உள்ளேதான் இருக்கிறது. பூட்டியிருக்கிறது, சாவிதான் இல்லை.

கோப்பின் பெயருக்குப் பின்னால் டபிள்யூ.எம்.ஏ. என்று முடிகிறதா பாருங்கள். அநேகமாக அப்படித்தான் இருக்கும். அந்த நாளில் அமெரிக்காவில் பாட்டு விற்ற பல கடைகள் மைக்ரோசாஃப்ட் செய்துகொடுத்த டி.ஆர்.எம். என்ற பூட்டைத்தான் போட்டன. பாட்டு ஒரு கோப்பாக வரும். அதைத் திறக்கும் உரிமம் தனியாக வந்து கம்ப்யூட்டருக்குள் வேறோர் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். அந்த உரிமம் அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும்தான். நீங்கள் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றியபோது பாட்டு வந்தது, உரிமம் கூட வரவில்லை. புது லேப்டாப் கடையின் சர்வரைக் கேட்டு வேறு உரிமம் வாங்க வேண்டும். பொத்தானை அழுத்தினால் பக்கம் திறக்கவில்லை என்கிறீர்களே, அந்தப் பக்கத்தில்தான் சாவி கொடுப்பார்கள். கடை போன பிறகு அங்கே யாரும் இல்லை. கார் பிளேயருக்கு இந்தச் சங்கதி எதுவும் தெரியாது. படிக்க முடியாத கோப்பைத் தாண்டி அடுத்ததற்குப் போய்விடுகிறது.

நீங்கள் ஏதோ தவறு செய்துவிட்டதாக நினைக்க வேண்டாம். உங்களைப் போல ஏமாந்தவர்கள் ஏராளம். மைக்ரோசாஃப்டின் எம்.எஸ்.என். மியூசிக் கடை 2006-இல் விற்பனையை நிறுத்தியது. 2008 ஏப்ரலில், ஆகஸ்ட் 31-க்குப் பிறகு புதுக் கம்ப்யூட்டர் எதற்கும் உரிமம் தர மாட்டோம் என்று வாங்கியவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினார்கள். பெரிய எதிர்ப்பு கிளம்பியதும் 2011 கடைசி வரை நீட்டித்தார்கள். அதே 2008-இல் யாஹூவும் தன் பாட்டுக் கடையை மூடுவதாகச் சொன்னது. அங்கும் கூச்சல் எழுந்த பிறகுதான் பூட்டில்லாத பாட்டு வாங்கிக்கொள்ள கூப்பன் கொடுத்தார்கள்.

எனக்கு இன்றும் ஆறாத ஒன்று உண்டு. அந்தப் பூட்டுள்ள பாட்டுகளும் அவற்றைப் பாடும் கருவிகளும் 'பிளேஸ்ஃபார்ஷ்யூர்' என்ற முத்திரையோடு விற்கப்பட்டன. நிச்சயமாகப் பாடும் என்று அர்த்தம். முத்திரையைக் கொடுத்தது மைக்ரோசாஃப்ட். 2006 நவம்பரில் அதே மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த ஜூன் (Zune) என்ற பிளேயரில் அந்தப் பாட்டுகள் பாடவில்லை. முத்திரையை நம்பிக் காசு கொடுத்தவர்களுக்கு இதைவிடப் பெரிய அநியாயம் என்ன இருக்கிறது?

சரி, இப்போது என்ன செய்யலாம். அமெரிக்காவில் வைத்திருந்த பழைய கம்ப்யூட்டர் வீட்டில் எங்காவது கிடக்கிறதா? அது உயிர் பெற்று, அதில் பாட்டு பாடினால், பாதி வேலை முடிந்தது. அதை இணையத்தோடு இணைக்காதீர்கள், விண்டோஸை மாற்றி நிறுவாதீர்கள், ஃபார்மேட் செய்யாதீர்கள். உரிமம் அந்த நிறுவலோடு போய்விடும். அந்தக் கம்ப்யூட்டரிலேயே பாட்டுகளை ஆடியோ சிடியாக எழுதுங்கள். காசு கொடுத்து வாங்கிய பாட்டுகளுக்குப் பெரும்பாலும் இதற்கு அனுமதி இருந்தது. கடைகள் மூடியபோது அவர்களே சொன்ன வழியும் இதுதான். ஒரு சிடியில் 80 நிமிடம், அதாவது பதினைந்து பதினாறு பாட்டு போகும். உங்களுக்கு ஒரு டஜன் சிடிக்கு மேல் ஆகும். பிறகு அந்தச் சிடிகளைப் புது லேப்டாப்பில் ஒலித்தரம் குறையாத ஃபிளாக் வகையில் சேமித்துக்கொள்ளுங்கள். எம்பி3 ஆக்கினால் இரண்டாவது முறை சுருக்கியதில் ஒலித்தரம் இன்னும் கொஞ்சம் இறங்கும். சிடியில் எழுதும்போது பாட்டின் பெயர்கள் போய்விடக்கூடும், முதலிலேயே ஒரு காகிதத்தில் வரிசையாகக் குறித்து வையுங்கள்.

பழைய கம்ப்யூட்டர் போய்விட்டது என்றால், உங்களிடம் உள்ள கோப்புகளைக் கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஆறுதலுக்காக வேறு மாதிரி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாட்டுகளின் பட்டியலையாவது வைத்துக்கொள்ளுங்கள், எது வேண்டுமோ அதைத் திரும்ப வாங்க உதவும்.

அதே காலத்தில் ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடையில் வாங்கியவர்கள் நிலைமை கொஞ்சம் தேவலை. 2003-இல் திறந்த அந்தக் கடையும் பூட்டிய பாட்டைத்தான் விற்றது, ஐந்து கம்ப்யூட்டர்களில்தான் பாடும். ஆனால் கடை இன்னும் இருக்கிறது. எம்4பி (m4p) என்று முடியும் கோப்பு உங்களிடம் இருந்து, வாங்கிய கணக்கின் பெயரும் கடவுச்சொல்லும் நினைவிருந்தால், புதுக் கம்ப்யூட்டருக்கு அனுமதி வாங்கலாம். ஐந்தும் தீர்ந்திருந்தால் எல்லாவற்றையும் ஒரே தடவையில் ரத்து செய்துவிட்டு மறுபடி தொடங்கவும் வழி உண்டு. கணக்கு கையில் இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள்.

கேள்வி: ஒரு பாட்டு செயலிக்கு வருடச் சந்தா கட்டி 600 பாட்டு டவுன்லோடு செய்து வைத்திருந்தேன். சந்தா முடிந்து நான்கே நாளில் எல்லாம் மங்கலாகிவிட்டது, தொட்டால் பாடுவதில்லை. போனில் இடம் அடைத்துக்கொண்டு இருப்பது என் பாட்டுதானே?
— கல்லூரி மாணவர், மதுரை

பதில்: இல்லை தம்பி, அது வாடகைப் பாட்டு. டவுன்லோடு என்ற சொல்தான் உங்களை ஏமாற்றிவிட்டது. சந்தா செயலிகளில் அந்த அம்புக்குறியை அழுத்தினால் பூட்டிய கோப்பு ஒன்றுதான் போனில் இறங்கும். அதை அந்தச் செயலி மட்டுமே திறக்கும், அதுவும் சந்தா இருக்கும்வரை. சந்தா கட்டிக்கொண்டே இருந்தாலும் அவ்வப்போது இணையத்தில் முகம் காட்ட வேண்டும். ஸ்பாட்டிஃபையில் 30 நாளுக்கு ஒரு முறையாவது இணையத்துக்கு வராவிட்டால் டவுன்லோடு செய்தவை போய்விடும். தினம் புதுசு புதுசாகக் கேட்கிறவருக்கு வாடகை மோசமில்லை. அதை வாங்கியதாக எண்ணிக்கொள்வதில்தான் ஆபத்து.

செயலியே போய்விடலாம் என்பதையும் மனதில் வையுங்கள். ஏர்டெல்லின் விங்க் மியூசிக் பல வருடம் ஓடிவிட்டு 2024-இல் மூடப்பட்டது. அதற்கு நேர் எதிரான ஒரு கதையும் இருக்கிறது. ஃபிளிப்கார்ட் 2012-இல் ஃபிளைட் என்று ஒரு பாட்டுக் கடை திறந்தது. சந்தா இல்லை, பூட்டும் இல்லை. பாட்டுக்குக் காசு, கையில் எம்பி3. அடுத்த வருடமே, 2013 ஜூனில், கடையை மூடிவிட்டார்கள். ஆனால் அப்போது வாங்கி இறக்கி வைத்தவர்களிடம் அந்த எம்பி3 இன்றும் பாடும், எந்தப் போனிலும், எந்தக் காரிலும். கடை மூடிய விதத்தில் இரண்டும் ஒன்றுதான். வாங்கியவர் கையில் என்ன மிஞ்சியது என்பதில்தான் வித்தியாசம்.

கேள்வி: நான் காசு கொடுத்து வாங்கிய பாட்டின் பூட்டை நானே உடைத்துக்கொண்டால் குற்றமா? அதற்கு இலவச மென்பொருள் கிடைக்கிறது என்கிறார்கள்.
— சேலம் வாசகர்

பதில்: இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் 65ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். உரிமையை மீறும் நோக்கத்தோடு இத்தகைய பூட்டை உடைத்தால் இரண்டு வருடம் வரை சிறையும் அபராதமும் உண்டு. 'நோக்கத்தோடு' என்ற சொல்லைக் கவனியுங்கள். சட்டம் தடுக்காத ஒரு காரியத்துக்காகச் செய்வதற்கு அதே பிரிவில் விலக்கு இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டை 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ஆக, வாங்கிய பாட்டைத் தன் காரில் கேட்க வழி தேடுகிறவரும், உடைத்து நாலு பேருக்கு அனுப்புகிறவரும் சட்டத்தின் முன் ஒன்றல்ல. அமெரிக்காவில் 1998-இல் வந்த சட்டம் இதைவிடக் கடுமையானது. உங்கள் விஷயத்தில் உறுதியான பதில் வேண்டுமானால் ஒரு வக்கீலைக் கேளுங்கள், நான் சொல்வது பொதுவான நிலை.

என் கவலை அந்த 'இலவச மென்பொருள்' பற்றியது. எங்கிருந்து வந்தது என்றே தெரியாத ஒன்றை, வங்கிக் கணக்கு பார்க்கும் அதே கம்ப்யூட்டரில் போடாதீர்கள். பத்துப் பாட்டுக்காக அந்த அபாயம் வேண்டாம்.

கேள்வி: அப்படியானால் எங்கேதான் வாங்குவது? வாங்கும் முன் பூட்டு இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— கோவை வாசகி

பதில்: ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: காசு கொடுத்த பிறகு கையில் ஒரு கோப்பு தருவீர்களா? எம்பி3, ஃபிளாக், எம்4ஏ என்று கோப்பின் வகையை வெளிப்படையாகப் போட்டிருந்தால் நல்லது. 'எங்கள் செயலியில் கேட்கலாம்' என்று மட்டும் இருந்தால் அது வாடகை.

ஐடியூன்ஸ் கடை 2009-இலேயே பாட்டுக்கான பூட்டை நீக்கிவிட்டது. இந்தியாவில் அது திறந்தது 2012 டிசம்பரில், அதனால் இங்கே வாங்கிய பாட்டு எதிலும் பூட்டு கிடையாது. தமிழ் சினிமாப் பாட்டுகளும் அங்கே உண்டு. ஆனால் பலர் குழம்பும் இடம் ஒன்று இருக்கிறது. ஆப்பிள் மியூசிக் சந்தா வேறு, ஐடியூன்ஸ் கடையில் வாங்குவது வேறு. இரண்டின் பாட்டுகளும் கம்ப்யூட்டரில் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து நிற்கும், பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கோப்பின் பெயரில் கடைசி மூன்று எழுத்தைப் பாருங்கள். எம்4ஏ என்றால் உங்களுடையது, எம்4பி என்றால், முன்பு வெளிநாட்டில் பூட்டோடு வாங்கிய பழைய பாட்டாக இல்லாவிட்டால், சந்தாவோடு போய்விடும்.

தனி இசைக் கலைஞர்கள் பலர் பேண்ட்கேம்ப் தளத்தில் நேரடியாக விற்கிறார்கள். எம்பி3, ஃபிளாக் எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுத்து இறக்கலாம், பூட்டு இல்லை. பழைய பாட்டுக்கு நான் இன்னும் சிடி வாங்குகிறேன். அதிலும் முன்பு ஒரு கொடுமை நடந்தது. 2005-இல் சோனி பி.எம்.ஜி. வெளியிட்ட சில சிடிகளைக் கம்ப்யூட்டரில் போட்டால், நகலெடுப்பதைத் தடுக்கும் மென்பொருள் ஒன்று ரகசியமாக உள்ளே புகுந்து ஒளிந்துகொண்டது, வைரஸ்கள் ஒளியவும் அது இடம் கொடுத்தது. விஷயம் வெளியே வந்ததும் சிடிகளைத் திரும்பப் பெற்றார்கள். திருட்டுப் பாட்டு இறக்கியவருக்கு ஒன்றும் ஆகவில்லை, கடைக்குப் போய்க் காசு கொடுத்தவரின் கம்ப்யூட்டர்தான் கெட்டது.

கேள்வி: 'வாங்கு' என்று பொத்தான் போட்டு விற்ற இந்தியத் தளம் ஒன்று ஆறு மாதத்தில் சத்தமில்லாமல் என் பாட்டுகளை எடுத்துவிட்டது. 480 ரூபாய்க்குப் போய் புகார் கொடுப்பார்களா என்று வீட்டில் சொல்கிறார்கள்.
— தஞ்சாவூர் வாசகர்

பதில்: கொடுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இணைய வணிகம் என்பதற்கான விளக்கத்திலேயே டிஜிட்டல் பொருள்களும் அடங்கும். முதலில் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைத்துப் பதிவு செய்யுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. பாட்டுகள் காணாமல் போன நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் செய்துவிட வேண்டும்.

கலிபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் அமலில் இருக்கிறது. பின்னால் பறித்துக்கொள்ளக்கூடிய டிஜிட்டல் பொருளுக்கு 'வாங்கு' என்று பொத்தான் போட்டால், இது உரிமம் மட்டுமே என்று தெளிவாகச் சொல்லியாக வேண்டும். உங்கள் புகாரிலும் அந்தப் பொத்தானையே மையமாக வையுங்கள். அந்தப் பக்கம் இன்னும் திறந்தால் இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அப்புறம் பணம் போன வங்கிக் குறுஞ்செய்தி, வந்த ரசீது மின்னஞ்சல், பாட்டுகளின் பெயர்ப் பட்டியல், இந்த மூன்றையும் காகிதத்தில் எடுத்துப் புகாரோடு இணையுங்கள்.