சோறு போட்டால் நாய்க்கு ஆகாதா?

கேள்வி: டாக்டர் சார், எங்களுக்குக் கல்லல் பக்கம் ஒரு கிராமம். மானாவாரியில் நெல்லும் கொஞ்சம் கடலையும் போடுகிறோம். நாற்பது வெள்ளாடு இருக்கிறது. பட்டிக்குக் காவலாக நாலு வயதில் ஒரு ஆண் நாய், சிப்பிப்பாறைக் கலப்பு, இருபது கிலோ இருக்கும். கூடவே மூன்று மாதக் குட்டி ஒன்றும் வளர்க்கிறோம். காலையில் பழைய சோறு, ராத்திரி சுடுசோற்றில் மிச்சக் குழம்பை ஊற்றிப் பிசைந்து வைப்போம். குட்டிக்குப் பால்சோறு. பொங்கலுக்கு வந்த கொழுந்தனார் மகன், "நாய் ஓநாய் ஜாதி, சோறு அதுக்கு விஷம், சுகர் வந்துரும், கறி இல்லாட்டி கம்பெனித் தீவனம்தான் போடணும்" என்று சொல்லிவிட்டுப் போனான். பெரிய நாய்க்கு ரோமம் மங்கிப்போய் எந்நேரமும் சொறிகிறது. குட்டிக்கு முன்னங்கால் இரண்டும் வளைகிற மாதிரி தெரிகிறது. சோற்றினால்தானா? எங்க மாமியார் காலத்திலிருந்து சோறுதான் போடுகிறோம்.

பதில்: சோறு தாராளமாகப் போடுங்கள் அம்மா, அது விஷமில்லை. ஆனால் உங்கள் வீட்டு நாய்த்தட்டில் சோற்றைத் தவிர வேறு எதுவும் இல்லை என்பதுதான் எனக்குக் கவலை. அதைவிடப் பெரிய கவலை, மேலே ஊற்றுகிற குழம்பு. அதற்கெல்லாம் முன்னால் குட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அது அவசரம்.

மூன்று மாதக் குட்டிக்கு முன்னங்கால் வளைகிறது என்றால் எலும்பில் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், ஏறவில்லை என்றே முதலில் சந்தேகப்பட வேண்டும். இந்த வாரத்துக்குள் காரைக்குடி கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டுங்கள். அதுவரை ஓடவிடாமல், திண்ணையிலிருந்து குதிக்கவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த நிலையில் சின்ன அடிக்கே எலும்பு மடங்கிவிடும்.

பால்சோறு குட்டிக்கு நல்லதுதானே என்று நினைப்பீர்கள். நாம் ஊற்றுகிற ஒரு டம்ளர் பாலில் இருக்கும் சுண்ணாம்பு, மளமளவென்று வளர்கிற குட்டிக்குப் போதாது. மீதி வயிற்றை நிரப்புகிற சோற்றில் சுண்ணாம்பே கிடையாது என்று சொல்லிவிடலாம். நூறு கிராம் அரிசியில் பத்து மில்லிகிராம் இருந்தால் அதிகம். "காலை வெயிலில் விடுங்கள், சரியாகிவிடும்" என்றும் ஊரில் சொல்வார்கள். மனிதர்களுக்கு அது சரி. நாயின் தோல் வெயிலிலிருந்து வைட்டமின் டி-யைப் போதுமான அளவுக்குச் செய்துகொள்ளாது. அது வாய்வழியாகத்தான் வர வேண்டும்: முட்டை மஞ்சள்கரு, மீன், ஈரல். சோற்றில் அதுவும் இல்லை.

அதற்காகக் கறியை மட்டும் போடலாமா என்றால், அதுவும் குட்டியின் காலை ஒடித்துவிடும். எலும்பில்லாத வெறும் கறியில் சுண்ணாம்பு சோற்றைப் போலவே சொற்பம். பாஸ்பரஸ் மட்டும் அதைப்போல் பதினைந்து, இருபது மடங்கு. இந்த ஏறுமாறைச் சரிக்கட்ட உடம்பு தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை உருவிக்கொள்ளும். பாசத்தோடு தினமும் கால் கிலோ தனிக்கறி போட்டு வளர்த்த குட்டிகளுக்கும் கால் மடங்குவது இதனால்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் உங்கள் கொழுந்தனார் மகன் பக்கம் பேசுகிறேன். கையில் காசு இருந்தால் குட்டிக்கு ஒரு வயதாகும் வரை நல்ல குட்டித் தீவனம் வாங்கிப் போடுங்கள். வளர்கிற வயதில் அளவு பிசகினால் பிறகு திருத்துவது கடினம். தீவனம் போடுகிற நாட்களில் கால்சியம் மருந்தைத் தனியாக ஊற்ற வேண்டாம், அளவு கூடினாலும் எலும்பு கெடும். தீவனம் கட்டுப்படியாகாது என்றால், குழைந்த சோறு பாதி, வேகவைத்த முட்டையும் முள்ளோடு மசித்த சின்ன மீனும் பாதி என்று பிசைந்து, ஒரு நாளைக்கு நாலு வேளையாகக் கொடுங்கள். சுண்ணாம்பு மருந்தின் அளவைக் குட்டியை எடைபோட்டுப் பார்க்கிற டாக்டரே சொல்லட்டும்.

சரி, ஓநாய் விஷயத்துக்கு வருவோம். நாய் ஓநாயிலிருந்து வந்தது என்பது உண்மைதான். ஆனால் மனிதன் வாசலுக்கு வந்தபிறகு அதன் வயிறு மாறிவிட்டது. மாவுச்சத்தைச் சிதைக்கும் அமிலேஸ் என்ற நொதியை நாயின் கணையம் சுரக்கிறது. அதற்கான மரபணு ஓநாயிடம் இரண்டு நகல்தான் உண்டு. நாய்களிடம் 4 முதல் 30 நகல் வரை இருப்பதை சுவீடன் நாட்டு உப்சாலா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2013-இல் கண்டறிந்தார்கள். பிறகு ஐரோப்பாவில் உழவு பரவிய காலத்து நாய் எலும்புகளைச் சோதித்தபோது, ஏழாயிரம் வருடங்களுக்கு முன்பே இந்த நகல்கள் கூடத் தொடங்கியது தெரிந்தது. மனிதன் தானியம் விளைவிக்க ஆரம்பித்ததும் அவன் மிச்சம் வைத்ததைத் தின்று செரிக்க நாயும் பழகிக்கொண்டிருக்கிறது. ஹஸ்கி மாதிரிப் பனிப்பிரதேச இனங்கள் சிலவற்றுக்கு இந்த நகல் குறைவு. உங்கள் நாய்க்கு அந்தக் கவலை வேண்டாம், உங்கள் மாமியார் காலத்து நாய்களே அதற்குச் சாட்சி. நன்றாக வெந்த அரிசி நாயின் வயிற்றில் ஏறக்குறைய முழுதாகவே செரித்துவிடும். அரைவேக்காடாக இருந்தால்தான் பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து வாயுவும் பேதியும் வரும். அதனால் நமக்கு வடிப்பதைவிட இன்னும் குழைய வையுங்கள். புதுவயல் மில் நொய்யே போதும்.

சுகர் பயமும் வேண்டாம். நாய்க்கு வருகிற சர்க்கரை நோய் பெரும்பாலும் கணையத்தில் இன்சுலின் சுரக்கிற செல்களே அழிவதால் வருவது. சோறு தின்றதால் வருவதில்லை. வீட்டுக்குள்ளேயே கிடந்து தின்று கொழுத்த நாய்க்கு எடையால் பல தொல்லைகள் வரும், அது வேறு பேச்சு. ஆட்டின் பின்னால் நாளெல்லாம் ஓடுகிற நாய்க்கு அந்தச் சிக்கல் இல்லை.

அப்புறம் ஏன் ரோமம் மங்குகிறது? கணக்குப் போட்டே பார்க்கலாம். இருபது கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் ஆயிரம் கலோரி வேண்டும். அதை முழுக்க அரிசியிலிருந்தே கொடுத்தால் இரண்டு ஆழாக்கு அரிசி, கிட்டத்தட்ட 285 கிராம். அதில் புரதம் 20 கிராம் கிடைக்கும். தீவனத் தரக் கணக்குப்படி வேண்டியது 45 கிராம். கொழுப்பு ஒன்றரை கிராம் தேறும். வேண்டியது 14 கிராம். சுண்ணாம்பு 30 மில்லிகிராம். வேண்டியதோ ஆயிரத்துக்கு மேல். வயிறு நிரம்பிவிடும், நாய் பசியென்று கத்தாது, காவலும் காக்கும். ஆனால் ரோமமும் தோலும் புரதத்தாலும் எண்ணெய்ச் சத்தாலும் ஆனவை. வரவு குறைந்தால் உடம்பு முதலில் அங்கேதான் கையை வைக்கும். ரோமம் செம்பட்டையாகி, தோல் காய்ந்து பொடுகு உதிரும், சொறிய ஆரம்பிக்கும்.

இதைச் சரிசெய்யச் செலவு அதிகம் ஆகாது. அரிசியை ஒரு ஆழாக்காகக் குறைத்துவிடுங்கள். அதோடு அவித்த முட்டை இரண்டு, சின்ன மீன் 150 கிராம், கடலை எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. தொண்டிப் பக்கமிருந்து சந்தைக்கு வருகிற சூடையோ சாளையோ, எது மலிவோ அது. மீனைக் குக்கரில் வைத்து, முள்ளைக் கையால் நசுக்கினால் மாவாகிற அளவுக்கு வேகவிடுங்கள். புரதம் 50 கிராமைத் தொட்டுவிடும், கலோரியும் ஏறக்குறைய அதே ஆயிரம். மீன் கிடைக்காத நாளில் மீல்மேக்கர் 50 கிராமை ஊறவைத்து வேகவைத்துப் போடலாம், நாய்க்கு அது நன்றாகவே செரிக்கும். வாரத்தில் ஒருநாள் கோழி ஈரல் கொடுங்கள், தினமும் வேண்டாம். வைட்டமின் ஏ மிதமிஞ்சிவிடும். சுண்ணாம்புக்கு முட்டை ஓடே போதும். கழுவிக் கொதிக்கவைத்து, காயவைத்து, மிக்சியில் மாவாக அரைத்து டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். அரை டீஸ்பூன் பொடியில் சுமார் ஒரு கிராம் கால்சியம் இருக்கும். பெரிய நாயின் ஒரு நாள் சோற்றில் அதைக் கலந்தால் மீன் முள்ளோடு சேர்ந்து சரியாகிவிடும்.

பழைய சோறு போடலாம். உப்பு, வெங்காயம் சேர்க்கும் முன்பே நாய்க்கு எடுத்து வைத்துவிடுங்கள். நூல்விட்டு நாறிப்போனது நமக்கு ஆகாதது போலவே அதற்கும் ஆகாது. பூசணம் பூத்த கடலைப் புண்ணாக்கு, பூத்த மாவு எதையும் "நாய்தானே" என்று போட்டுவிடாதீர்கள். அந்தப் பூசண நஞ்சு ஆடு மாட்டைவிட நாயின் ஈரலைச் சீக்கிரம் கெடுக்கும்.

இப்போது குழம்பு. நம் செட்டிநாட்டுச் சமையலில் சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாத குழம்பு ஏது? நாய்க்கு இரண்டுமே ஆகாது. அதிலுள்ள கந்தகப் பொருள் இரத்தச் சிவப்பணுக்களை உடைத்து இரத்தசோகையில் கொண்டுவிடும். வதக்கினாலும் கொதிக்கவைத்தாலும் அது போகாது. நாயின் எடையில் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயமே ஒரு நாயை நோயில் தள்ளப் போதும். ஐந்து கிலோ குட்டிக்கு 75 கிராம் என்றால், உரித்த சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடிதான் இருக்கும். பெரிய நாய் ஒருவேளைக் குழம்பில் விழுந்துவிடாதுதான், ஆனால் தினம் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறதே, அந்தக் கேடு சேர்ந்துகொண்டே வரும். உங்கள் நாயின் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தாலோ, மூத்திரம் காப்பி நிறத்தில் போனாலோ காத்திருக்காதீர்கள்.

புளியும் அப்படித்தான். திராட்சை தின்ற நாய்க்குச் சிறுநீரகம் செயலிழப்பது டாக்டர்களுக்குப் பல வருடமாகத் தெரியும், ஏன் என்றுதான் புரியாமல் இருந்தது. டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று இப்போது கருதுகிறார்கள். அந்த அமிலம் நிறைந்தது நம் புளி. புளி தின்று சிறுநீரகம் பழுதான நாய்களைப் பற்றி 2022-இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆகவே புளிக்குழம்பு, புளியோதரை, முந்திரி திராட்சை போட்ட பொங்கல், பாயசம் எதுவும் நாய்த்தட்டுக்கு வேண்டாம். விசேஷ வீட்டிலிருந்து வருகிற பணியாரம், அதிரசம், எண்ணெய் மிதக்கிற கோழிக் குழம்பு, வெந்த கோழி எலும்பு இவையும் வேண்டாம். எண்ணெய்ப் பண்டம் மொத்தமாக உள்ளே போனால் கணையம் வீங்கும். வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். சோற்றுக்குச் சுவை வேண்டுமென்றால் உப்புப் போடாத மீன் வேகவைத்த தண்ணீரை ஊற்றுங்கள், தட்டை நக்கி வைத்துவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் ஆடு வைத்திருப்பதால் சொல்கிறேன். கறி போட நினைத்து ஆடு அறுத்த தலை, மூளை, நீர்க்கட்டி உள்ள ஈரல், நுரையீரல் ஆகியவற்றைப் பச்சையாக நாய்க்குப் போடவே போடாதீர்கள். அதிலிருக்கும் கட்டிகள் நாயின் குடலில் நாடாப்புழுவாகி, அதன் முட்டை நாய்ச் சாணம் வழியாக மேய்ச்சல் புல்லுக்கு வந்து, மறுபடி உங்கள் ஆட்டுக்கே போகும். ஆடு தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்து விழுகிறதே, அந்த நோய் இப்படி வருவதுதான். இன்னொரு வகைப் புழுவின் முட்டை நம் கை வழியாக வயிற்றுக்குள் போனால் நம் ஈரலிலும் கட்டி வளரும். கழிவு எதுவானாலும் நன்றாக வேகவையுங்கள், இல்லையென்றால் ஆழமாகப் புதையுங்கள். நாடாப்புழுவையும் கேட்கும் பிராசிகுவான்டெல் என்ற மருந்து சேர்ந்த பூச்சி மாத்திரையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடைக்கேற்ப டாக்டரிடம் கேட்டுக் கொடுங்கள்.

பெரிய நாயின் சொறிக்குச் சத்துக்குறைவு மட்டும்தான் காரணம் என்று கடிதத்தை வைத்து நான் முடிவுகட்ட மாட்டேன். உண்ணியோ தோலுக்குள் இருக்கிற சொறிப்பூச்சியோகூட இருக்கலாம். குட்டியைக் கொண்டுபோகும்போது இதையும் கூட்டிப்போய்த் தோலைச் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய என்ஜின் ஆயிலைப் பூசுகிற வழக்கம் பல ஊரில் இருக்கிறது. நாய் அதை நக்கி உள்ளே விழுங்கிவிடும், தயவுசெய்து வேண்டாம். சாப்பாட்டை ஒரே நாளில் மாற்றாமல், எண்ணெயைக் கால் கரண்டியில் தொடங்கி ஒரு வாரத்தில் முழு அளவுக்குக் கொண்டுவாருங்கள். இல்லையென்றால் பேதியாகும். பூச்சி இல்லையென்றால் ஆறிலிருந்து எட்டு வாரத்தில் புது ரோமம் பளபளப்போடு வரத் தொடங்கும். இரண்டு பேரையும் ஒன்றாகக் கொண்டுபோக வண்டி அமையாவிட்டால் 1962-க்கு அழைத்து நடமாடும் கால்நடை ஊர்தியைக் கேட்டுப் பாருங்கள்.