மறுத்த பிறகு தாமதமாகும் கோட் ரிவ்யூ

கேள்வி: நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நான்கு ஆண்டுகளாகப் பொறியாளராக இருக்கிறேன். நான் எழுதும் கோடை (நிரலை) ரிவ்யூ செய்து, அதாவது சரிபார்த்து, ஒப்புதல் தருபவர் எங்கள் குழுவின் மூத்த பொறியாளர். அவர் என் மேலாளர் அல்லர். சில மாதங்களுக்கு முன் அலுவலக சாட்டில் இரவு பதினொரு மணிக்கு மேல் மெசேஜ் அனுப்பத் தொடங்கினார். முதலில் வேலை பற்றி எழுதினார். பிறகு ‘தூங்கிவிட்டாயா’, ‘இன்று வீடியோ காலில் அழகாக இருந்தாய்’ என்று வந்தது. கடைசியில், நாங்கள் இருவர் மட்டும் எங்காவது இரண்டு நாள் போய்த் தங்கி வரலாமா என்று கேட்டார். தொடக்கத்தில் சில மெசேஜ்களுக்கு நானும் ஸ்மைலி போட்டிருக்கிறேன். அந்தக் கேள்விக்குப் பிறகு, வேலையைத் தவிர வேறு எதுவும் பேச வேண்டாம் என்று அவரிடம் நேரில் சொல்லிவிட்டேன். முன்பெல்லாம் அன்றைக்கே முடிந்த என் ரிவ்யூ இப்போது நாள்கணக்கில் கிடக்கிறது. சிறு குறைகளுக்கும் எல்லோரும் படிக்கும்படி கடுமையாக எழுதுகிறார். ‘நீயும் ஸ்மைலி போட்டாய், அவர் உன்னைத் தொடவில்லை, உன் மேலாளரும் இல்லை. புகார் கொடுத்தால் உன் அப்ரைசல்தான் கெடும்’ என்கிறாள் தோழி. இது பாலியல் தொல்லைதானா, அல்லது நான்தான் பெரிதுபடுத்துகிறேனா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் பெரிதுபடுத்தவில்லை. உங்கள் தோழி அக்கறையோடுதான் பேசியிருக்கிறார் என்றாலும், அவர் சொன்ன மூன்று காரணங்களில் ஒன்றுகூட நிற்காது. அவற்றுக்குள் போவதற்கு முன் ஒன்றைக் கவனிக்கச் சொல்வேன். நள்ளிரவு மெசேஜ்களை விரிவாக எழுதிய நீங்கள், ரிவ்யூ தாமதமாவதைப் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். என் பார்வையில் உங்கள் கடிதத்தில் மிகக் கனமான செய்தி அதுதான். நீங்கள் மறுத்தீர்கள், மறுத்ததற்கான விலை உங்கள் வேலையிலிருந்து பிடிக்கப்படுகிறது. மெசேஜ்களை மட்டும் முன்வைத்தால், ‘நட்பாகத்தான் பேசினேன், அவர் தவறாக எடுத்துக்கொண்டார்’ என்று அவர் சொல்லிவிட முடியும். மறுப்புக்கு முன் அன்றைக்கே முடிந்த வேலை மறுப்புக்குப் பின் கிடப்பில் கிடப்பதற்கு அப்படியொரு விளக்கம் எளிதில் அகப்படாது.

முதலில் ஸ்மைலி. மூத்தவர் ஒருவர் அனுப்பிய மெசேஜுக்கு இளையவர் போடும் ஸ்மைலி, பெரும்பாலும் முகம் முறியாமல் பேச்சை முடித்துக்கொள்வதற்காகப் போடப்படுவது என்பது அலுவலகம் போய்வந்த எவருக்கும் தெரியும். இணங்கிப் போவதும் விரும்புவதும் ஒன்றல்ல என்பதை நீதிமன்றங்களும் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டன. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1986-ஆம் ஆண்டு மெரிட்டார் வங்கி வழக்கில், வழக்குத் தொடுத்த பெண் தானாக முன்வந்து உடன்பட்டாரா என்று பார்ப்பது சரியான கேள்வி அல்ல, அந்த நடத்தை அவருக்கு விருப்பமில்லாததாக இருந்ததா என்பதே கேள்வி என்று தீர்ப்பளித்தது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2019-இல் நிறைவேற்றி 2021-இல் நடைமுறைக்கு வந்த 190-ஆவது உடன்படிக்கை, கெடுக்கும் நோக்கம் இருந்ததா என்பதோடு நின்றுவிடாமல், அந்த நடத்தை தீங்கு விளைவித்ததா, விளைவிக்கக் கூடியதா என்றும் பார்க்கச் சொல்கிறது. அது ஒரே ஒரு முறை நடந்திருந்தாலும் போதும் என்கிறது. ஆகவே பழைய ஸ்மைலிகளை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். அவற்றை அழிக்கவும் வேண்டாம்; முழு உரையாடலும் அப்படியே இருப்பதுதான் உங்களுக்கு நல்லது.

தொடவில்லை என்பது ஒரு வாதமே அல்ல. இந்தியாவின் 2013-ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தை எடுத்துக்கொண்டால், தொடுவதை அது குறிப்பிடும் அதே இடத்தில், பாலியல் சாயல் கொண்ட பேச்சையும் சொல்லாமல் உணர்த்தும் விரும்பத்தகாத நடத்தையையும் சேர்த்தே குறிப்பிடுகிறது. வேலையில் பாதகம் வரும் என்று வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ மிரட்டுவதும், வேலையைச் செய்யவிடாமல் குறுக்கிடுவதும் அதோடு சேர்ந்து நடந்தால் அவையும் துன்புறுத்தலாகலாம் என்கிறது. அலுவலக நேரம் முடிந்த பிறகு வந்த மெசேஜ்தானே என்று யாராவது சொன்னால், நான் மேலே சொன்ன உடன்படிக்கை பணி சார்ந்த பயணம், பயிற்சி, கொண்டாட்டம் ஆகியவற்றோடு, தகவல் தொழில்நுட்பம் வழியாக நடக்கும் பணி சார்ந்த தொடர்புகளையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். நிறுவனம் தந்த சாட்டில் எந்த மணிக்கு மெசேஜ் வந்தாலும் அது பணியிடத்தில் வந்த மெசேஜ்தான்.

மேலாளர் அல்லர் என்ற காரணத்தைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். தொழில்நுட்பத் துறையில் பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். நம் துறையில் அதிகாரத்தின் பெரும்பகுதி பதவிப் பட்டியலில் இருப்பதில்லை. உங்கள் கோடு முதன்மைக் கிளையில் (குழுவில் எல்லோருடைய நிரலும் சேரும் பொதுத் தொகுப்பில்) சேரலாமா என்று முடிவு செய்பவர், இரவுப் பணி முறைக்குப் பெயர் போடுபவர், சர்வரில் நுழைய அனுமதி தருபவர், பதவி உயர்வுக் கூட்டத்தில் ‘அவர் வேலை எப்படி’ என்று கேட்கப்படுபவர் ஆகிய எல்லோருக்கும் உங்கள் மீது பிடி இருக்கிறது. வேலை விசாவில் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இந்தப் பிடி இன்னும் இறுகும். வேலை போனால் அவர்கள் அந்த நாட்டில் தங்குவதே கேள்விக்குறியாகிவிடும். இந்த அதிகாரத்துக்குப் பதவிப் பெயர் இல்லாததால் அதைப் பயன்படுத்துகிறவருக்கும் பொறுப்பு இல்லாதது போல ஒரு தோற்றம் உண்டாகிறது. அது தோற்றம் மட்டும்தான். உடன் பணிபுரிபவர் செய்ததும் இந்தச் சட்டங்களுக்குள் அடங்கும்.

ஆனால் இதே துறையில் உங்களுக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது. ரிவ்யூ கேட்ட நேரம், அவர் ஒப்புதல் தந்த நேரம், எழுதிய கருத்து என எல்லாமே ரிவ்யூ நடக்கும் மென்பொருளில் பதிவாகியிருக்கும். நீங்கள் மறுத்த நாளைக் குறித்துக்கொண்டு, அதற்கு முந்தைய இரண்டு மாதங்களிலும் பிந்தைய காலத்திலும் உங்கள் ரிவ்யூ ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் எடுத்தது என்று ஓர் அட்டவணை போடுங்கள். அதே காலத்தில் குழுவில் மற்றவர்களுக்கு அவர் எவ்வளவு நேரம் எடுத்தார் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். வித்தியாசம் இருந்தால் நீங்கள் வாதாட வேண்டிய தேவையே குறையும். வித்தியாசம் இல்லாமல் எல்லோருக்குமே தாமதமானால், அதையும் நீங்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. அப்போது புகாரை மெசேஜ்களின் மீது மட்டும் நிறுத்தலாம்.

சேகரிக்கும்போது ஓர் எச்சரிக்கை. மெசேஜ்களை நாளும் நேரமும் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் சாட் செயலிகளில் அனுப்பியவரே பிறகு மாற்றவும் அழிக்கவும் முடியும். குறிப்பிட்ட காலத்துக்குப் பின் நிறுவனமே தானாக அழித்துவிடும் ஏற்பாடும் பல இடங்களில் உண்டு. ஆனால் நிறுவனத்தின் சோர்ஸ் கோடையோ வாடிக்கையாளர் விவரங்களையோ உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடாதீர்கள். துன்புறுத்தியவர் மீதான விசாரணை, ரகசியத்தை வெளியே கொண்டுபோனவர் மீதான விசாரணையாகத் திசைமாற அது ஒன்றே போதும். அட்டவணையில் தேதியும் ரிவ்யூ எண்ணும் இருந்தால் போதும். நாள்வாரியாக நீங்கள் எழுதும் குறிப்பை அலுவலகக் கணினியில் வைக்காதீர்கள். உங்கள் அனுமதி என்றைக்காவது நிறுத்தப்பட்டால் அது உங்கள் கைக்கு வராது. வீட்டில் ஒரு நோட்டில் எழுதுவதே உத்தமம்.

நேரில் சொன்ன மறுப்பை இப்போது எழுத்திலும் பதிவு செய்துவிடலாம். கோபமோ விளக்கமோ வேண்டாம். ‘தங்கி வருவது பற்றி நீங்கள் கேட்டபோது நான் நேரில் சொன்னதை இங்கும் பதிவு செய்கிறேன். நம் தொடர்பு வேலை சார்ந்ததாக மட்டும் இருக்கட்டும். வேலை விஷயங்களைக் குழுவின் பொதுச் சாட்டில் எழுதுங்கள்’ என்று மூன்று வரி போதும். இப்படி எழுத வேண்டும் என்று எந்தச் சட்டமும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. எழுதினால் அவர் இன்னும் மோசமாக நடந்துகொள்வார் என்று தோன்றினால், இதை விட்டுவிட்டு நேராகப் புகாருக்குப் போங்கள்.

புகாரை எழுத்தில் கொடுங்கள். மனிதவளத் துறை உங்கள் பகையும் அல்ல, உங்கள் வழக்கறிஞரும் அல்ல. நிறுவனத்தைக் காப்பது அதன் வேலை. அந்தக் காப்பு உங்கள் பக்கம் திரும்புவதா அவர் பக்கம் திரும்புவதா என்பதை, நீங்கள் கொடுக்கும் காகிதம் ஓரளவு தீர்மானிக்கிறது. ஊபர் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த சூசன் ஃபவுலர் 2017 பிப்ரவரியில் தன் வலைப்பதிவில் எழுதியது இத்துறையில் பலருக்கு நினைவிருக்கும். அவருடைய மேலாளர் சாட்டில் அனுப்பியவற்றை ஸ்க்ரீன்ஷாட்டோடு புகார் செய்தபோது, அது அந்த மனிதரின் முதல் தவறு, அவர் நன்றாக வேலை செய்பவர் என்று பதில் வந்ததாகவும், இதே மனிதரைப் பற்றி முன்பே புகார் செய்த வேறு பெண்களைப் பிறகு சந்தித்ததாகவும் அவர் எழுதினார். அந்தப் பதிவுக்குப் பின் விசாரணைகள் நடந்து, அதே ஆண்டு ஜூனில் இருபதுக்கும் மேற்பட்டோர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். தலைமைச் செயல் அலுவலரும் பதவி விலகினார். இதைச் சொல்வது நீங்களும் பொதுவெளியில் எழுத வேண்டும் என்பதற்காக அல்ல. அவசரப்பட்டு அப்படிச் செய்வதை நான் பரிந்துரைக்கவும் மாட்டேன். ‘முதல் தவறு’ என்ற சொல் உங்களிடமும் வரலாம் என்பதற்காகச் சொல்கிறேன். வந்தால், இவர் மீது முன்பு புகார் எதுவும் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்து எழுத்தில் பதில் தரும்படி கேளுங்கள். விவரம் தர மறுப்பார்கள். ஆனாலும் நீங்கள் கேட்டது கோப்பில் ஏறிவிடும்.

நீங்கள் எந்த நாட்டில் வேலை செய்கிறீர்கள் என்று எழுதவில்லை. புகார் தருவதற்கான கெடு நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் முதலில் அதைப் பாருங்கள். இந்தியச் சட்டத்தில் கடைசிச் சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் புகாரை விசாரிக்கும் குழு மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களில் உள்ளகப் புகார்க் குழு கட்டாயம். அதில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து ஓர் உறுப்பினரும் வேண்டும். அமெரிக்காவில் சம வேலைவாய்ப்புக்கான கூட்டாட்சி ஆணையத்திடம் புகார் கொண்டுசெல்வதற்கு 180 நாள், பல மாநிலங்களில் 300 நாள். உங்கள் நியமனக் கடிதத்தையும் எடுத்துப் பாருங்கள். தகராறுகளை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகாமல் தனி நடுவரிடம்தான் தீர்க்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருக்கலாம். பாலியல் புகார்களில் அந்த நிபந்தனையை நீக்க வேண்டும் என்பது, 2018 நவம்பர் 1 அன்று கூகுள் ஊழியர்கள் ஏறத்தாழ 20,000 பேர் உலகம் முழுவதும் வெளிநடப்புச் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் ஒன்று. 2022-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி அமெரிக்காவில் இப்போது அதை அப்படித் திணிக்க முடியாது.

நிரூபிக்க முடியாவிட்டால் பொய்ப் புகார் என்று என்னையே தண்டிப்பார்களா என்ற அச்சம் உங்கள் கடிதத்தின் வரிகளுக்கு இடையே தெரிகிறது. நிரூபிக்க இயலாமல் போனது மட்டுமே பொய்ப் புகாராகாது என்று இந்தியச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது. அப்ரைசல் கெடும் என்று தோழி சொன்னதை நான் முழுதாகத் தள்ளிவிட மாட்டேன், அப்படி நடக்கும் இடங்கள் உண்டு. ஆனால் புகார் கொடுக்காமலேயே உங்கள் ரிவ்யூக்கள் கிடப்பில் கிடக்கும்போது, அப்ரைசல் ஏற்கெனவே கெட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

இந்தப் பக்கத்தைப் படிக்கும் மூத்த பொறியாளர்களில் சிலர், ‘அப்படியானால் உடன் பணிபுரிபவரிடம் நட்பாகக்கூடப் பேசக் கூடாதா’ என்று கேட்பார்கள். தாராளமாகப் பேசலாம். நீங்கள் யாருடைய வேலைக்கு ஒப்புதல் தருகிறீர்களோ அவரிடம், அவர் ‘வேண்டாம்’ என்று சொன்னால் மறுநாள் அவர் வேலை எந்த வகையிலும் பாதிக்கப்படாது என்று அவரே நம்பும்படி நடந்துகொண்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். அந்த நம்பிக்கை அவருக்கு இல்லையென்றால், தோற்றத்தைப் பற்றியும் தனிப் பயணத்தைப் பற்றியும் உங்கள் பேச்சு போகக் கூடாது. இரவில் தோன்றிய வேலைச் சந்தேகத்தைக் காலையில் போய்ச் சேரும்படி நேரம் குறித்து அனுப்பும் வசதி பல அலுவலகச் சாட்டுகளில் இருக்கிறது.

வாசகி, கடைசியாக நடைமுறை சார்ந்த ஒன்று. புகாரோடு சேர்த்தே இடைக்கால நிவாரணமும் கேளுங்கள்: விசாரணை முடியும் வரை உங்கள் கோடை வேறொருவர் ரிவ்யூ செய்ய வேண்டும், உங்கள் மதிப்பீட்டில் அவருடைய கருத்து கேட்கப்படக் கூடாது என்ற இரண்டும் போதும். ‘நீங்கள் வேண்டுமானால் வேறு குழுவுக்கு மாறிக்கொள்ளுங்கள்’ என்று சிலர் அன்பாகவே சொல்வார்கள். நீங்களே விரும்பினால் மாறலாம். விரும்பாவிட்டால், மாற்ற வேண்டியது என்னை அல்ல, ரிவ்யூ செய்பவரைத்தான் என்று பதில் எழுதி, அந்த மின்னஞ்சலின் நகலை உள்ளகக் குழுவுக்கும் அனுப்புங்கள்.