மின்விலாங்கின் மின்செல் (மின்சாரம் உண்டாக்கும் செல்) சுருங்காது; பிறகு அதில் டெஸ்மின் என்ற தசை இழைப்புரதம் எதற்கு? சேலத்தில் அதைப் பிரித்தெடுத்துப் பார்க்க முடியுமா?

மின்செல் தசைச்செல்லிலிருந்து உருவானது. சுருங்கும் அமைப்பு போய்விட்டது, டெஸ்மின் தங்கிவிட்டது. சுமார் 10 நானோமீட்டர் தடிமனுள்ள அந்த இழைகள் தசையில் மயோஃபைப்ரில்கள் என்ற சுருங்கும் நார்களைக் கட்டிவைக்கும். இங்கே கட்ட எதுவுமில்லாததால் சைட்டோபிளாசத்தில் தளர்வான வலையாகப் பரவி, தட்டையான அந்தப் பெரிய செல்லின் வடிவத்தைத் தாங்குகின்றன. மின்சாரம் தருவது இழையல்ல, சவ்விலுள்ள சோடியம் வாய்க்கால்கள்.

மின்விலாங்கு தென்னமெரிக்க மீன். செய்முறை பழக மேட்டூர் ஜிலேபி மீனின் தசையே போதும். 1% ட்ரைட்டான் (சவ்வைக் கரைக்கும் சோப்பு போன்ற பொருள்), 5 மில்லிமோலார் இஜிடிஏ (கால்சியத்தைப் பிடித்துவைக்கும் பொருள்) கலந்த பஃபரில் அரைத்து, 0.6 மோலார் பொட்டாசியம் குளோரைடில் கழுவினால் மயோசின் என்ற தசைப்புரதம் பெரும்பாலும் போய்விடும். கரையாத வண்டலை 8 மோலார் யூரியாவில் கரையுங்கள். புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் 53 கிலோடால்டன் அருகே தெரிவது டெஸ்மின்; 42-இல் தெரிவது கூடவே ஒட்டிவந்த ஆக்டின் என்ற இன்னொரு தசைப்புரதம்.

53-க்குக் கீழே சிறு கோடுகள் வரிசையாக வந்தால் கால்பெயின் வெட்டியிருக்கும்: கால்சியம் இருந்தால் விடாத நொதி அது. இஜிடிஏவை விட்டுவிடாதீர்கள். யூரியாக் கரைசலைச் சூடாக்கவும் வேண்டாம், யூரியாவிலிருந்து வரும் கார்பமைல் தொகுதி புரதத்தில் ஏறிவிடும். சேலத்து மே மாத வெயிலில் ஏசி இல்லாத ஆய்வகம் என்றால் அரைப்பது, கழுவுவது எல்லாம் ஐஸில்தான். யூரியாவை மட்டும் ஐஸில் வைக்காதீர்கள், படிகமாகிவிடும்.