போனில் பாதுகாப்பு அப்டேட் இல்லை, கணக்கில் பணமும் இல்லை: யாரிடம் கேட்பது?

கேள்வி: இரண்டரை வருடத்துக்கு முன் ஒரு ஸ்மார்ட்போன் வாங்கினேன். நான்கு வருடம் பாதுகாப்பு அப்டேட் தருவதாக விளம்பரம் செய்திருந்தார்கள். இரண்டாவது வருடத்தோடு நிறுத்திவிட்டார்கள். கடந்த மாதம் வாட்ஸ்அப்பில் ‘போக்குவரத்து அபராதம்’ என்று ஒரு ஏபிகே ஃபைல் (போனில் செயலியை நிறுவும் கோப்பு) வந்தது. திறந்துவிட்டேன். அன்று நள்ளிரவுக்கு மேல் என் சேமிப்புக் கணக்கிலிருந்து ஐம்பதாயிரம் ஐம்பதாயிரமாக நான்கு முறை, மொத்தம் 2 லட்சம் ரூபாய் போய்விட்டது. எஸ்எம்எஸ் எதுவும் என் கண்ணில் படவில்லை. காலை 6.20-க்கு இமெயிலைப் பார்த்துப் பதறிப்போய் வங்கியின் உதவி எண்ணுக்கு அழைத்துப் புகார் எண் வாங்கினேன். அதற்குப் பிறகும் 7.05-க்கு 40,000 ரூபாய் போனது. ‘ஓடிபி சரியாகப் போடப்பட்டிருக்கிறது, எங்கள் மீது தவறில்லை’ என்கிறது வங்கி. போன் கம்பெனி மீது நுகர்வோர் வழக்குப் போட்டு முழுத் தொகையையும் வாங்க முடியுமா?

பதில்: போன் கம்பெனி மீது உங்களுக்கு இருக்கும் கோபம் நியாயமானது. ஆனால் பறிபோன 2,40,000 ரூபாயை அவர்களிடம் கேட்டு வழக்கு நடத்தினால், வலுவில்லாத இடத்தில் உங்கள் காலமும் பணமும் போகும். அந்தத் தொகைக்குக் கதவைத் தட்ட வேண்டியது வங்கியிடம்தான். கம்பெனியிடம் கேட்க வேறு ஒன்று இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் ஆறாவது அத்தியாயம், குறையுள்ள பொருளால் தீங்கு நேர்ந்தால் உற்பத்தியாளர், விற்பவர், சேவை வழங்குபவர் மூவரையும் பொறுப்பாக்குகிறது. இது 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. வடிவமைப்பில் குறை, போதிய எச்சரிக்கை தராதது, கொடுத்த உத்தரவாதப்படி பொருள் இல்லாதது என்று 84-ஆம் பிரிவு காரணங்களை அடுக்குகிறது. இதை மட்டும் படித்தால் உங்கள் வழக்குக்கே எழுதியது போல இருக்கும். சிக்கல் ‘தீங்கு’ என்பதற்கு அதே சட்டம் பிரிவு 2(22)-ல் தரும் வரையறையில் இருக்கிறது. உடல் காயம், அந்தப் பொருள் தவிர மற்ற சொத்துக்கு வரும் சேதம் இவை தீங்கு. வணிக இழப்பும் பொருளாதார இழப்பும் தீங்கு ஆகாது என்று அந்த உட்பிரிவே விலக்கி வைத்துவிட்டது. போன் பேட்டரி வெடித்துக் கை வெந்தால் வழக்கு நிற்கும். போன் வழியாகக் கணக்கு காலியானால், ‘இது வெறும் பொருளாதார இழப்பு’ என்று எதிர்த்தரப்பு வக்கீல் முதல் வாய்தாவிலேயே எழுந்து நிற்பார்.

பணப்பை, பாஸ்புக், கையெழுத்து எல்லாமே போனுக்குள் போய்விட்ட காலத்தில் இந்த விலக்கு சாமானியருக்குச் செய்யும் அநீதி என்பது என் உறுதியான கருத்து. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் கொண்டுவந்த புதிய சட்டம் மென்பொருளையும் பொருள் என்றே சேர்த்துக்கொண்டது. அங்கும்கூட, பண நஷ்டம் மட்டும் என்றால் அந்தச் சட்டத்தின் கீழ் இழப்பீடு கிடையாது. நாம் இருக்கிற சட்டத்தை வைத்துத்தான் வழக்காட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அப்டேட் வந்திருந்தால் இந்தத் திருட்டு நடந்திருக்காது என்பதை நீங்கள் நிரூபிக்க வேண்டும். ஏபிகே ஃபைலை நாமே நிறுவி, எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதியையும் நாமே கொடுத்தால், நேற்று வாங்கிய போனிலும் இது நடக்கக்கூடும். பொருளைத் தவறாகப் பயன்படுத்தினார் என்ற எதிர்வாதத்துக்கு 87-ஆம் பிரிவும் இடம் தருகிறது.

இனி வங்கி. வாடிக்கையாளர் அனுமதியில்லாமல் நடந்த மின்னணுப் பரிவர்த்தனைகளில் யாருக்கு எவ்வளவு பொறுப்பு என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. தவறு வங்கியுடையது என்றால் வாடிக்கையாளருக்கு ஒரு ரூபாய் பொறுப்பும் இல்லை, அவர் புகார் செய்தாலும் செய்யாவிட்டாலும். தவறு இரு தரப்பிலும் இல்லாமல் இடையில் வேறெங்கோ என்றால், வங்கியின் தகவல் கிடைத்து மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கும் பொறுப்பு இல்லை. நான்கு முதல் ஏழு நாட்கள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு ஒரு பரிவர்த்தனைக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய். தவறு வாடிக்கையாளருடையது என்றால், அவர் புகார் சொல்லும் வரையிலான நஷ்டம் அவருடையது. சொன்ன பிறகு நடப்பது முழுக்க வங்கியுடையது.

இந்தக் கடைசி வரியை உங்கள் கணக்கில் பொருத்திப் பாருங்கள். 6.20-க்குப் புகார் எண் வாங்கிவிட்டீர்கள். 7.05-க்குப் போன 40,000 ரூபாய்க்கு நீங்கள் அலட்சியமாக இருந்தீர்களா இல்லையா என்ற பேச்சே எழாது. அதைத் தனியாகப் பிரித்து, தனிப் பத்தியில், முதல் கோரிக்கையாக எழுதுங்கள். மொத்தத்தையும் ஒரே தொகையாகக் கேட்டு, ஒரே வரியில் மறுப்பு வாங்கிக்கொண்டு வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

மீதி 2 லட்சத்தில்தான் சண்டை. வங்கி ‘ஓடிபி’ என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆனால் வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்கும் கடமை வங்கியுடையது என்று அதே சுற்றறிக்கை சொல்கிறது. நீங்கள் ஓடிபியை யாரிடமும் சொல்லவில்லை, அந்த ஏபிகே ஃபைல் வழியாக வந்த உளவு செயலி அதைத் திருடியது. இரண்டும் ஒன்றல்ல. ஏபிகே ஃபைலைத் திறந்ததே அலட்சியம் என்று வங்கி வாதிடும், அது எடுபடவும் கூடும். அதற்கு எதிராக உங்கள் கையில் ஒரு நல்ல தீர்ப்பு இருக்கிறது. அசாமைச் சேர்ந்த ஒரு வாடிக்கையாளர், ஆன்லைனில் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்க முயன்றபோது, வாடிக்கையாளர் சேவை மையம் என்று சொல்லி அழைத்தவரின் பேச்சை நம்பி ஒரு செயலியை நிறுவி, 94,000 ரூபாய்க்கு மேல் இழந்தார். உடனே புகார் செய்தார். கவுகாத்தி உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஸ்டேட் வங்கியின் மேல்முறையீட்டை 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இன்றைக்குக் கிடைக்கும் சிறந்த தொழில்நுட்பத்தை வைத்து இப்படிப்பட்ட பரிவர்த்தனைகளைக் கண்டுபிடித்துத் தடுப்பது வங்கியின் கடமை என்றது. ஓடிபியைப் பகிராமல் விழிப்பாக இருங்கள் என்று வாடிக்கையாளர்களுக்கும் சொன்னது. ‘எஸ்எம்எஸ் அனுப்பினோம், நீங்கள் பார்க்கவில்லை’ என்று வங்கி சொன்னால், அதை மட்டும் காரணமாக வைத்து வங்கி பொறுப்பிலிருந்து நழுவ முடியாது என்று 2019-லேயே கேரள உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வங்கிக்கு எழுதும் கடிதத்தில் ‘என் பணத்தைக் கொடுங்கள்’ என்பதோடு நிறுத்தாதீர்கள். புதிய பயனாளி (பணம் பெறுபவர்) எப்போது சேர்க்கப்பட்டார், அன்றிரவு உள்நுழைந்தது என் போனிலிருந்தா வேறு கருவியிலிருந்தா, அந்தக் கருவி எப்போது பதிவானது, ஐபி முகவரி என்ன, ஒவ்வொரு ஓடிபியும் எந்த நிமிடம் அனுப்பப்பட்டது, என் 6.20 அழைப்பு எத்தனை மணிக்குப் பதிவாகி எத்தனை மணிக்குக் கணக்கு முடக்கப்பட்டது என்று கேள்வி கேள்வியாகக் கேளுங்கள். தொலையணுகல் செயலிகள் (வேறோர் இடத்திலிருந்து போனை இயக்க வழிசெய்பவை) இருக்கின்றனவா என்பதை வங்கிச் செயலி இயன்றவரை கண்டறிய வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் 2021 பிப்ரவரி வழிகாட்டுதல் சொல்கிறது. அதற்கு என்ன செய்திருந்தீர்கள் என்றும் கேளுங்கள். நள்ளிரவில் புதிய பயனாளிக்கு அடுத்தடுத்து நான்கு ஐம்பதாயிரம் போனபோது எந்த எச்சரிக்கையும் அடிக்கவில்லை என்றால், அந்தக் கண்காணிப்பின் குறைதான் உங்கள் வழக்கின் முதுகெலும்பு. இந்தப் பதிவுகள் அனைத்தையும் அழிக்காமல் வைக்கும்படியும் இப்போதே எழுதிவிடுங்கள். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்-னின் 2022 ஏப்ரல் உத்தரவு, கணினிப் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்கச் சொல்கிறது. வழக்குத் தொடுக்க நீங்கள் ஆறேழு மாதம் யோசித்தால், கேட்பதற்கு எதுவும் மிஞ்சாமல் போகலாம்.

பரிவர்த்தனை நடந்த தேதியையும் பாருங்கள். 2026 ஏப்ரல் 1-க்குப் பிந்தையது என்றால் ரிசர்வ் வங்கியின் புதிய அங்கீகார விதிகளும் (பணம் அனுப்புவது வாடிக்கையாளர்தானா என்று உறுதிசெய்யும் விதிகள்) பொருந்தும். அந்த விதிகளைப் பின்பற்றாமல் நடந்த பரிவர்த்தனையில் நஷ்டம் வந்தால் முழுத் தொகையையும் மறுபேச்சில்லாமல் தர வேண்டும் என்று அது சொல்கிறது.

கடிதத்தைக் கிளையில் கொடுத்து முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள், இமெயிலிலும் அனுப்புங்கள். 2017 சுற்றறிக்கைப்படி, புகார் வந்த பத்து வேலை நாட்களுக்குள் அந்தத் தொகையைக் கணக்கில் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும், 90 நாட்களுக்குள் புகாரை முடிக்க வேண்டும். இதையும் எடுத்துக்காட்டி எழுதுங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி தராவிட்டாலும் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. முதலில் அங்கே போங்கள். நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் குறைதீர்ப்பாளர் அதே புகாரை எடுக்கமாட்டார்.

1930 எண்ணிலும் சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யவில்லை என்றால் இன்றே செய்யுங்கள். பணம் போய்ச் சேர்ந்த கணக்குகளில் மிச்சம் ஏதாவது இருந்தால் முடக்கிவைப்பார்கள். பிறகு நீதிமன்ற உத்தரவு பெற்று அதை மீட்கலாம்.

இப்போது போன் கம்பெனி. நான்கு வருடம் என்று விளம்பரம் செய்துவிட்டு இரண்டு வருடத்தில் நிறுத்தியது நியாயமற்ற வணிக நடைமுறை. போன் விலையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்டும், மன உளைச்சலுக்கு இழப்பீடு கேட்டும், வங்கி விவகாரத்தோடு கலக்காமல் தனி மனுவாக நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்பதால் மனுக் கட்டணம் இல்லை. அப்டேட் நின்ற நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். அதற்கு முன் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். கம்பெனியின் இணையப் பக்கத்தில் அந்த ‘நான்கு வருட’ வாசகம் இன்னும் இருந்தால் தேதி தெரிகிறபடி இன்றைக்கே படம் எடுத்துக்கொள்ளுங்கள், நோட்டீஸ் கிடைத்த மறுநாளே அது காணாமல் போகலாம். பில், பெட்டி, அதன் மேல் ஒட்டியிருக்கும் சீட்டு எல்லாம் பத்திரமாக இருக்கட்டும். போனை ரீசெட் செய்துவிடாதீர்கள். சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டுக்கொண்டு, இதை அணைத்து வையுங்கள். உளவு செயலி இன்னும் உள்ளே இருந்தால், ஓடிபியை நீங்கள் பகிரவில்லை என்று காட்ட அதுதான் உங்கள் சாட்சியம்.