மாத்திரை வாங்கித் தருவது யார்?

கேள்வி: மந்தைவெளியில் ஒன்றரை கிரவுண்டில் எங்களுக்குச் சொந்த வீடு. அப்பா சம்பாதித்துக் கட்டியது. 2012இல் உயில் எழுதாமலே காலமாகிவிட்டார். அம்மாவுக்கு வயது 77, அங்கே தனியாக இருக்கிறார். நான் மனைவி, மகனோடு சோழிங்கநல்லூரில் 11வது மாடியில் இருக்கிறேன். எங்கள் தெருவில் பழைய வீடு என்று மிச்சம் இருப்பது எங்களுடையதும் எதிர்வரிசையில் ஒன்றும்தான். மெட்ரோ வருவதால் இப்போது நல்ல விலை. ஒரு பில்டர் பாதிக்குப் பாதி என்கிறார். ஆறு ஃப்ளாட் கட்டி எங்களுக்கு மூன்று தருவார். வீடு மழைக்கு ஒழுகவும் ஆரம்பித்துவிட்டது. அக்கா கோவையில் வசதியாக இருக்கிறாள், அவளால் பிரச்சினை வராது. அம்மாதான் பிடிவாதம். காரணம் கேட்டால் பதில் சொல்வதில்லை. அங்கே அவருக்குக் கஷ்டம் ஒன்றும் இல்லை. பால், மாத்திரை எல்லாம் வாசலில் வேப்பமரத்தடியில் வண்டி போட்டிருக்கும் இஸ்திரிக்காரனே வாங்கிக் கொடுத்துவிடுகிறான். ஆனால் இப்படியே எத்தனை நாள்? பில்டர் மாதக் கடைசிக்குள் பதில் கேட்கிறார். அம்மாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: அம்மாவைச் சம்மதிக்க வைப்பது எப்படி என்று கேட்டு மாதத்துக்கு நாலு கடிதமாவது வருகிறது. மயிலாப்பூர், மேற்கு மாம்பலம், அடையாறு, நங்கநல்லூர் என்று பேட்டைதான் மாறும், விஷயம் ஒன்றே. உங்கள் கடிதத்தில் கிரவுண்டு இருக்கிறது, விலை இருக்கிறது, ஃப்ளாட் கணக்கு இருக்கிறது. நான் நின்றுவிட்டது வேறொரு வரியில். மாத்திரையை இஸ்திரிக்காரன் வாங்கிக் கொடுத்துவிடுகிறான் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில்.

முதலில் அந்த ‘காரன்’, ‘கிறான்’ இரண்டையும் எடுங்கள், தம்பி. உங்கள் அம்மாவுக்கு வேளாவேளைக்கு மருந்து வந்து சேருவதைப் பார்த்துக்கொள்கிற மனிதர் அவர். அவருக்கு ‘ர்’ போட்டு எழுத உங்களுக்குக் கை வரவில்லை.

அடுத்தது, எந்த மாத்திரை? சர்க்கரைக்கா, ரத்த அழுத்தத்துக்கா, இரண்டுக்குமா? சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா? உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ, அவருக்குத் தெரியும். மருந்துச் சீட்டு அவர் சட்டைப்பையில் இருக்கும். எத்தனை நாளுக்கு ஒருமுறை அம்மாவைப் பார்க்கப் போகிறீர்கள் என்றும் நீங்கள் எழுதவில்லை. அடிக்கடி போகிறவராக இருந்தால் அதைத்தான் முதல் வரியில் எழுதியிருப்பீர்கள்.

உங்கள் வீட்டை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த மாதிரி வாசலை நிறையப் பார்த்திருக்கிறேன். காலை ஏழு மணிக்குக் கரி மூட்டும் புகை வரும். பெட்டியைத் திறந்து விசிறி கங்கு பிடிக்க வைக்கும்போதே ஒரு கண் வாசல் பக்கம் இருக்கும். கோலம் போட்டாச்சா, பால் பை கொக்கியிலிருந்து எடுத்தாச்சா என்று அவர் கேட்கவேண்டியதில்லை, பார்த்தாலே தெரியும். எட்டு மணிக்கும் பால் பை தொங்கினால் கேட்டைத் தட்டுவார். மத்தியானம் குடிக்கத் தண்ணீர் அம்மாவிடமிருந்து போகும். சாயங்காலம் பூட்டியிருக்கும் ஃப்ளாட்டுக்காரர்களின் துணி மூட்டை உங்கள் வீட்டுத் திண்ணைக்கு வரும். யாரும் சம்பளம் பேசாத ஏற்பாடு இது.

உங்கள் அம்மா ஏன் காரணம் சொல்வதில்லை என்று இப்போது புரிகிறதா? அவர் எப்படிச் சொல்வார்? ‘இந்த வாசலில்தான் எனக்கு ஆள் இருக்கிறது’ என்று சொன்னால், ‘நீ செய்யவேண்டியதை அவர் செய்கிறார்’ என்று பெற்ற பிள்ளையின் முகத்துக்கு நேராகச் சொன்ன மாதிரி ஆகிவிடும். உங்கள் மனசு நோகக் கூடாது என்று அவர் வாயை மூடிக்கொண்டிருக்கிறார். அதற்குப் பிடிவாதம் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான்.

பழைய வீட்டை இடிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. மர உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் கூரை ஒழுக ஆரம்பித்தால் லேசில் நிற்காது. உத்தரம் உளுத்துப்போன அறையில் 77 வயதில் ஒருவர் ஐப்பசி மழைக்குப் பக்கெட் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். கட்டுங்கள். ஆனால் கட்டி முடித்த பிறகு அந்தத் தெரு எப்படி இருக்கும் என்று உங்கள் தெருவிலேயே நடந்து பாருங்கள். தரைத்தளம் முழுக்கக் கார். தெரு மட்டத்தில் ஒரு ஜன்னல்கூட இருக்காது. கார் உள்ளே திரும்ப இடைஞ்சல் என்று முதலில் மரத்தை வெட்டுவார்கள். மரம் போனால் நிழல் போகும், ஒரு நாள் வண்டியையும் தள்ளிக்கொண்டு போகச் சொல்வார்கள். அப்புறம் இரண்டாவது மாடியில் உங்கள் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தால் தெருவில் இருக்கும் கேமராவுக்கு என்ன தெரியும்?

கட்டுகிற காலத்தில் அம்மா எங்கே இருப்பார் என்றும் நீங்கள் எழுதவில்லை. ஒன்றரை, இரண்டு வருஷம் ஆகும். உங்களோடு 11வது மாடியில் இருக்கட்டும் என்று நினைத்திருப்பீர்கள். என் சித்தி அப்படித்தான் மாம்பலத்து வீட்டைக் கொடுத்துவிட்டு மகனோடு ஒன்பதாவது மாடிக்குப் போனாள். மகனும் மருமகளும் தங்கமானவர்கள், ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் பகல் முழுக்கப் பேச ஆள் இல்லை. பார்சல் கொண்டுவரும் பையன்களை வாசலில் நிறுத்தி, ‘தண்ணி குடிக்கிறியாப்பா, சாப்பிட்டியா’ என்று கேட்பாள். அவர்களுக்கு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும். அவள் சொம்போடு நின்றுகொண்டிருப்பாள். நான் போனபோது அதைப் பார்த்தேன். இப்போதும் நினைத்தால் தொண்டை அடைக்கிறது.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். உங்கள் அக்காவிடம் கேட்டீர்களா, அல்லது பிரச்சினை வராது என்று நீங்களாகவே முடிவு செய்துவிட்டீர்களா? அப்பா சுயமாகச் சம்பாதித்த வீடு, உயில் இல்லை. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956இலிருந்தே அம்மாவுக்கும் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்றுதான் சொல்கிறது. ஆளுக்கு மூன்றில் ஒன்று. அப்பாவின் அம்மா அப்போது உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. கோவையில் வசதியாக இருப்பதால் மகளின் பங்கு குறைந்துவிடாது. கல்யாணத்தின்போதே செய்தாகிவிட்டது என்ற பேச்சையும் என்னிடம் கொண்டுவராதீர்கள். பெண்ணுக்குப் போட்ட நகை சொத்தில் பங்கு ஆகாது. மூன்று ஃப்ளாட் வருகிறது, உரிமைக்காரர்களும் மூன்று பேர். அதை எப்படிப் பிரிக்கப்போகிறீர்கள் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. அம்மாவின் பெயரில் ஒன்று பதிவாக வேண்டும். அது முதல் மாடியிலேயே தெருப் பக்கம் பார்த்து இருக்க வேண்டும்.

பில்டர் அவசரப்படுத்துகிறார் என்பதற்காக நீங்களும் ஓடாதீர்கள். ஒன்றரை கிரவுண்டு என்றால் 3,600 சதுர அடி, 500 சதுர மீட்டருக்குக் கீழே. ஃப்ளாட்டும் எட்டுக்குக் குறைவு. இந்த அளவுக் கட்டடத்துக்கு ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு கட்டாயமில்லை. ஆகவே நாளைக்கு வேலை பாதியில் நின்றால் உங்கள் கையில் இருக்கப்போகும் பிடி அந்த ஒப்பந்தப் பத்திரம்தான். பில்டரின் வக்கீல் கொடுப்பதைப் படித்துக் கையெழுத்துப் போடாமல் உங்களுக்கென்று ஒரு வக்கீல் வைத்து எழுதுங்கள். முடிக்கும் தேதி, தாமதமானால் மாதாமாதம் எவ்வளவு, அதுவரை வாடகை யார் பொறுப்பு என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். அந்த வாடகை வீடு அதே தெருவிலோ அடுத்த தெருவிலோ தரைத்தளத்தில் இருக்க வேண்டும் என்பதையும் ஒரு ஷரத்தாகச் சேருங்கள்.

வேப்பமரம் நிற்க வேண்டும், வண்டிக்கு இடம் விட வேண்டும் என்பதையும் பத்திரத்திலேயே எழுதுங்கள். மரம் நிற்கிறபடி கேட்டைத் தள்ளி வைக்க வரைபடத்தில் வழி இருக்கும், கேட்டால்தான் செய்வார்கள். தெருவோர வியாபாரிகளுக்கான 2014ஆம் வருஷத்துச் சட்டம் பொருள் விற்பவர்களோடு சேவை செய்பவர்களையும் சேர்த்துத்தான் பேசுகிறது. இஸ்திரி போடுகிறவருக்கு மாநகராட்சிப் பதிவும் அடையாள அட்டையும் இருக்கிறதா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு அவரோடு போய் விண்ணப்பம் கொடுங்கள். உங்கள் வீட்டுக்கு அவர் செய்ததற்கு இது ஈடாகாது, ஆனாலும் செய்யுங்கள்.

இன்னொன்று. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை போகும் மெட்ரோவின் மூன்றாவது வழித்தடத்தில்தான் மந்தைவெளியும் இருக்கிறது, சோழிங்கநல்லூரும் இருக்கிறது. மெட்ரோ என்றதும் உங்களுக்கு நிலத்தின் விலை ஞாபகம் வந்தது. வண்டி மாறாமல் அம்மாவைப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஒரு நிமிஷமாவது தோன்றியதா? ரயில் ஓடும்வரை காத்திருக்கவும் வேண்டாம். பழைய மகாபலிபுரம் சாலையில், அதுதான் ஓஎம்ஆரில், பஸ் போகிறது.

இந்த ஞாயிற்றுக்கிழமை போங்கள். பில்டர் பேச்சை எடுக்காதீர்கள். காலை ஏழு மணிக்கே போய் வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். அம்மாவுக்கு இந்த மாத மாத்திரையை இஸ்திரி போடுகிறவரோடு கடைக்குப் போய் நீங்கள் வாங்கிக் கொடுங்கள். எந்த வேளைக்கு எது என்று அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பில்டருக்கு என்ன சொல்வது என்பதை அதற்கு அப்புறம் எனக்கு எழுதிக் கேளுங்கள். அந்தக் கடிதத்தில் அவருடைய பெயரும் இருக்கட்டும்.