ஜோவுக்கு ஏன் லாரி இல்லை?

கேள்வி: மகளுக்காக வாங்கிய ‘லிட்டில் விமன்’ நாவலை நானே இரண்டு தடவை படித்துவிட்டேன். 1868-ல் வந்த கதை இன்னும் எப்படிப் பிடிக்கிறது? ஆனால் கதாநாயகி ஜோவுக்குப் பக்கத்து வீட்டு நண்பன் லாரியைக் கட்டிவைக்காதது மட்டும் மனசு ஆறவில்லை. (வாசகி, திருச்சி)

பதில்: உங்களுக்கு மட்டுமா? முதல் பாகம் வந்ததுமே சிறுமிகள் கடிதம் மேல் கடிதம் போட்டு யாருக்கு யாரோடு கல்யாணம் என்று குடைய, நாவலை எழுதிய லூயிசா மே ஆல்காட் கடுப்பாகி, யாரையும் திருப்திப்படுத்துவதற்காக ஜோவை லாரிக்குக் கட்டிவைக்க மாட்டேன் என்று நாட்குறிப்பிலேயே எழுதிவைத்தார். ஜோ கல்யாணம் ஆகாத எழுத்தாளராகவே இருக்கட்டும் என்பதுதான் அவர் ஆசை (அவரும் கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை). விடமாட்டார்கள் என்று தெரிந்ததும், 1869-ல் வந்த இரண்டாம் பாகத்தில் வயதில் மூத்த ஒரு ஜெர்மன் பேராசிரியரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். குறும்புதான்!

இத்தனைக்கும் சிறுமிகளுக்கு ஒரு கதை வேண்டும் என்று பதிப்பாளர் கேட்டதால் அரைமனதாக ஆரம்பித்த புத்தகம் அது. தெரிந்த பெண்பிள்ளைகள் தன் சகோதரிகள்தான் என்பதால் அவர்களையே எழுதினார். கதையில் ஜோவின் தங்கை பெத்தின் மரணம், 1858-ல் இறந்துபோன ஆல்காட்டின் தங்கை எலிசபெத்தின் மரணம்.

எனக்குப் பிடித்தது வேறு இடம். ஜோ எழுதிவைத்த கதைகளைக் கடைசித் தங்கை எமி அடுப்பில் போடுகிறாள், ஜோ கொதிக்கிறாள், அப்புறம் அம்மா, தனக்கும் அனேகமாகத் தினமும் கோபம் வருகிறது என்று மகளிடம் ஒப்புக்கொள்கிறாள். அந்தக் காலத்துக் கதை அம்மாக்கள் இப்படிப் பேச மாட்டார்கள். உங்கள் மகளுக்கு யாரைப் பிடித்தது? எமி என்றால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.