வக்காலத்து வாங்கிவிட்டு வீட்டுக் கதை பேசுகிறீர்களே!

கேள்வி: செங்கல்பட்டில் சிவில் வக்கீலாக இருக்கிறேன், வயது 34. எங்கள் ஊர்க் கழிமுகத்தில் அலையாத்தி மரங்களை அழித்து மண் கொட்டுகிறார்கள். காலநிலை மாற்றத்துக்கு என்னால் ஆனதைச் செய்ய ஆசைப்பட்டு, மீனவர்களுக்காகப் பசுமைத் தீர்ப்பாயத்தில் இலவசமாக வாதாடுவதாகச் சொன்னேன். "காசு வராத கேஸுக்கு எதுக்கும்மா அலையறே" என்று மாமனார் தினமும் குத்துகிறார். கணவர் வாயே திறப்பதில்லை. பங்குனியில் மண் கொட்ட ஆரம்பித்ததுமே வக்காலத்தில் கையெழுத்து வாங்கிவிட்டேன்; வழக்குக் கட்டு இன்னும் தாக்கல் ஆகாமல் பீரோவில் இருக்கிறது. வீட்டாருக்கு எப்படிப் புரியவைப்பது?
– பெயர் வேண்டாம்

பதில்: மாமனார் குத்துவதும் கணவர் வாய் திறக்காததும் இந்தப் பகுதிக்கு வாராவாரம் வருகிற சங்கதி. என்னை உறுத்துவது அந்த பீரோ. கையெழுத்துப் போட்ட மீனவர்கள் கேஸ் போட்டாச்சு என்று நம்பி, வேறு வக்கீலைத் தேடாமல் இருக்கிறார்கள். இப்போது ஆவணி. பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் 14-ஆம் பிரிவில் கெடு 6 மாதம், அதுவும் வழக்குக்கான காரணம் 'முதலில்' எழுந்த நாளிலிருந்து. புரட்டாசிக்குள் முடிந்துவிடும். மேலே 60 நாள் கேட்கலாம். அதற்குத் தக்க காரணம் காட்ட வேண்டும். 'மாமனார் திட்டினார்' என்று அஃபிடவிட் போடுவீர்களா? 15-ஆம் பிரிவில் 5 ஆண்டு இருக்கிறதே என்பீர்கள். அது இழப்பீட்டுக்கும் சீரமைப்புக்கும். மரம் போனபின் கேட்பது.

காசு கொடுக்கும் கட்சிக்காரர் என்றால் கட்டு இத்தனை மாதம் தூங்குமா? ஃபீஸ் வேண்டாம் என்றது உங்கள் தயவு. கெடுவுக்குள் தாக்கல் செய்வது உங்கள் கடமை. அதில் தயவுக்கு இடமே கிடையாது.

இனி வேலையைப் பாருங்கள். மனுவில் பூமி சூடாவதைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதாதீர்கள். 2024 மார்ச்சில் ரஞ்சித்சின் வழக்கில், காலநிலை மாற்றத்தின் பாதிப்பிலிருந்து காக்கப்படும் உரிமையை அரசியல் சட்டத்தின் 14, 21-ஆம் ஷரத்துகளில் உச்ச நீதிமன்றம் கண்டது உண்மை. ஆனால் கானமயில் என்ற அழிந்துவரும் பறவையைக் காக்கப் போட்ட மின்கம்பித் தடை தளர்ந்ததும் அதே தீர்ப்பில்தான். ஒரு பத்தி போதும். வழக்கு நிற்பது 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்திலும் அதன் கீழ் வந்த கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையிலும். அலையாத்தி அதில் முதல் வகை, அதிகப் பாதுகாப்புள்ள இடம். 1,000 சதுர மீட்டருக்கு மேல் பரவியிருந்தால் சுற்றிலும் 50 மீட்டர் இடைவெளி விட வேண்டும். ஆகவே முதலில் சர்வே எண், எஃப்எம்பி என்கிற நில அளவை வரைபடம், அடங்கல் என்கிற கிராம நிலக் கணக்கு. அடுத்து, மண் விழுவதற்கு முன்னும் பின்னும் தேதியோடு செயற்கைக்கோள் படம். மீனவர் போனில் எடுத்த படங்களை வாட்ஸ்அப்பில் வாங்காதீர்கள், தேதியும் இடமும் அழிந்துவிடும். கேபிள் போட்டு மூலக் கோப்பை எடுத்து, 2023-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் மின்னணு ஆவணத்துக்குக் கேட்கும் சான்றிதழோடு வையுங்கள். தீர்ப்பாயம் சாட்சியச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதல்ல, இருந்தாலும் எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் பிடிக்கும்.

மனுதாரராக ஒரே ஆளை நிறுத்தினால் மறுவாரமே அவர் வீட்டுக்கு ஆள் போவார்கள், மனு வாபஸாகிவிடும். நாலைந்து பேரைப் போடுங்கள், பெண்களையும் சேர்த்து. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய்தான். இருக்கிற நிலை அப்படியே நீடிக்க இடைக்கால உத்தரவை முதல் நாளே கேளுங்கள். பெரும்பாலும் இடத்தைப் பார்க்க அதிகாரிகளின் கூட்டுக் குழுவை அனுப்புவார்கள். ஓதம் ஏறிய நேரத்தில் குழு வந்தால் கொட்டிய மண்ணில் பாதி தண்ணீருக்கடியில் இருக்கும். வற்று நேரத்தை மீனவர்களிடம் கேட்டு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

மாமனாருக்கு வருகிறேன். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. வீட்டுச் செலவில் உங்கள் பங்கு குறையுமா என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு. மாதம் எவ்வளவு தருவீர்கள், தீர்ப்பாயத்துக்காக எந்தக் கிழமை சென்னை போவீர்கள் என்று கணக்கை முன்னால் வையுங்கள். கொள்கை விளக்கம் வேண்டாம். கணவர் பேசாமல் இருக்கலாம். நீங்கள் போகும் நாளில் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவது அவர் வேலை.

இதெல்லாம் முடியாதென்றால் இந்த வாரமே கட்டைத் திருப்பிக் கொடுங்கள். வக்காலத்துக்கு ஆட்சேபம் இல்லை என்று எழுதி, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அவர்களை நீங்களே கூட்டிப் போங்கள்; பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் அங்கே வருமானக் கணக்கு கேட்கமாட்டார்கள். முதல் லோடு விழுந்த தேதியைத் தனித் தாளில் எழுதிக் கட்டின் மேல் வையுங்கள். அடுத்த வக்கீல் முதலில் அதைத்தான் கேட்பார்.